பெரிய டயரும் பெரியப்பாவும்

ஒரு மாசமா வீட்டுல இதே பஞ்சாயத்துதான். பையனுக்கு லைசென்ஸ் வந்தாச்சு. பத்து வருஷமா நான் ஓட்டிட்டு இருந்த பிக்கப் டிரக்கை அவனுக்குக் கொடுக்கிறதா ஒரு நாள் வாய் தவறி சொல்லிட்டேன். சாவி கைக்கு வந்த மறுநாளே தலைவர் ஒரு பட்டியலோட வந்து நின்னார். முன்னாடி லெவலிங் கிட், நாலு கறுப்பு அலாய் வீல், 35 இன்ச் டயர். டெக்சாஸ்ல பொறந்து வளர்ந்தவன் வேற என்ன கேப்பான்? இவன்கூடப் படிக்கிற பசங்க வண்டியெல்லாம் கோயில் யானை மாதிரி நிமிர்ந்து நிக்குது. தங்கமணியோ, "டயர்தானே, வாங்கிக் கொடுத்துத் தொலைங்களேன்"னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

எனக்குத்தான் மனசு கேக்கலை. காரணம் காசு இல்லை (சரி சரி, காசும்தான்). நான் கோலார் தங்கவயல்காரன். பெரிய டயர்னு யார் சொன்னாலும் எங்க பெரியப்பா ஞாபகம் வந்துடும். அவர் கதைக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி, ஓடுற வண்டிக்கு வேற சக்கரம் மாட்டிப் பாக்கிற இந்த ஆசை எங்கிருந்து கிளம்பிச்சு, அது யார் தலையில போய் விடிஞ்சுதுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பாத்துட்டு வரலாம். கொசுவர்த்தி கொஞ்சம் நீளமாத்தான் சுத்தும், பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் வரலாறே மாட்டுவண்டியிலதான் ஆரம்பிக்குது. 1802ல ஜான் வாரன்ங்கிற பிரிட்டிஷ் படை லெப்டினன்ட் அந்தப் பக்கம் நில அளவைக்கு வந்தார். மண்ணுல தங்கம் இருக்குன்னு யாராவது காட்டினா பரிசுன்னு அவர் அறிவிக்க, ஊரிகம் பக்கத்து ஜனங்க வண்டி நிறைய சேறைக் கொண்டுவந்து அவர் கண்ணு முன்னாடியே கழுவி தங்கத் துகளை எடுத்துக் காட்டினாங்களாம். அவர் எழுதின குறிப்பு பிற்பாடு ஒரு பத்திரிகையில வந்துச்சு. பல வருஷம் கழிச்சு, பெங்களூர்ல குடியிருந்த மைக்கேல் லவேல்ங்கிற முன்னாள் சிப்பாய் கையில அது கிடைச்சது. மனுஷன் 1871ல மாட்டுவண்டி பூட்டிக்கிட்டு சுமார் 60 மைல் தள்ளி இருந்த கோலார் பக்கம் கிளம்பிட்டார். அந்தப் பயணம்தான் தங்கவயலுக்குப் பிள்ளையார் சுழி.

1880ல ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்து இறங்கின பிறகு சுரங்க வேலை சூடு பிடிச்சுது. வட ஆற்காடு, சேலம், தருமபுரின்னு பல பக்கத்துல இருந்து நம்ம ஜனங்க கூலிக்குப் போய்க் குடியேறினாங்க. எங்க குடும்பமும் அப்படிப் போனதுதான். ஆனா பவுரிங்பேட்டையில (இன்னிக்கு பங்காரப்பேட்டை) இருந்து மாரிக்குப்பம் வரைக்கும் சுமார் 16 கிலோமீட்டர் கிளை ரயில் 1894லதான் வந்துச்சு. அதுவரை பதினாலு வருஷம் சுரங்கத்துக்கு வேணுங்கிறது எல்லாம் ரயிலடியில இருந்து மாட்டை நம்பித்தான் வந்து சேரணும்.

அந்த வண்டிச் சக்கரத்தை நினைச்சுப் பாருங்க. நடுவுல குடம், அதுல இருந்து கிளம்புற ஆரக்கால், அதைச் சுத்தி வட்டை, வட்டைக்கு மேல இரும்புப் பட்டை. பட்டையை நெருப்புல பழுக்கக் காய்ச்சி, விரிஞ்ச நேரத்துல மாட்டி, தண்ணி ஊத்துவாங்க. அது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். ஒரு ஆணி தேவையில்லை. உயரம் ஆள் நெஞ்சு மட்டம், கிட்டத்தட்ட அஞ்சடி. என் பையன் 35 இன்ச்சுக்குக் குதிக்கிறான், நம்ம பாட்டன் வண்டி 60 இன்ச்சுல ஓடிச்சு!

அது பந்தாவுக்குச் செஞ்ச உயரம் இல்லை. சின்னச் சக்கரம் குழிக்குள்ள விழுந்து மாட்டிக்கும், பெரிய சக்கரம் அதே குழி மேல ஏறிப் போயிடும். ரோடே இல்லாத ஊர்ல மாட்டுக்கு இழுவை குறையணும்னா சக்கரம் பெரிசா இருந்தே ஆகணும். அகலம் குறைச்சலா இருந்ததுக்கும் காரணம் இருக்கு. மழைச் சேத்துல ஒல்லிச் சக்கரம் மேல் சேத்தை அறுத்துட்டு அடியில இருக்கிற கெட்டித் தரையைப் பிடிச்சுக்கும். ஆனா அதே இரும்புப் பட்டை நல்ல ரோட்டைக் கத்தி மாதிரி அறுத்துடும், மணல்ல புதைஞ்சும் போயிடும். ஆக, எல்லா மண்ணுக்கும் பொருந்துற சக்கரம்னு ஒண்ணு கிடையாது. இந்த உண்மை மட்டும் அன்னில இருந்து இன்னிவரைக்கும் மாறவே இல்லை.

இப்போ காத்து டயர் கதைக்கு வருவோம். காத்தடைச்ச சக்கரத்துக்கு 1845லயே ராபர்ட் தாம்சன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கிட்டார். அவர் நேரம், யாரும் சீந்தலை. 1888ல ஜான் பாய்ட் டன்லப் தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காக அதையே திரும்பக் கண்டுபிடிச்சார். டன்லப் தொழில் என்ன தெரியுமா? மாட்டு டாக்டர்! அவர் பேர் போட்ட கம்பெனி 1936ல வங்காளத்து சாகாகஞ்சுல ஃபேக்டரி வெச்சுது. அந்தக் காலகட்டத்துல இருந்து இந்தியாவுல மாட்டுவண்டிக்கும் காத்து டயர் வர ஆரம்பிச்சுது. மாட்டு டாக்டர் கண்டுபிடிச்சது கடைசியில மாட்டுகிட்டயே வந்து சேந்துடுச்சு. இன்னிக்கும் இந்திய டயர் கம்பெனிகள் கணக்குல ஏ.டி.வி.ன்னு ஒரு ரகம் உண்டு, விலங்கு இழுக்கிற வண்டிக்கான டயர்னு அர்த்தம்.

ஊர்ல நாம சொல்றது சுருக்கமா 'டயர் வண்டி'. காசு உள்ளவங்க புது டயர் வாங்கினாங்க. மத்தவங்க காயலான் கடையில பழைய லாரி அச்சும் வீலும் தேடிப் பிடிச்சு, லாரிக்கு இனி ஆகாதுன்னு கழிச்ச மொட்டை டயரை மாட்டினாங்க. அந்தக் கட்டை வண்டியைப் பிரிச்சு டயர் வண்டியாக்கின பட்டறைக்காரங்கதான் என்னைப் பொறுத்தவரை நம்ம நாட்டோட முதல் 'ஆஃப்டர்மார்க்கெட் வீல்' கடைக்காரங்க. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். இத்தனைக்கும் இங்கே சக்கரம் பெரிசாகலை, சின்னதாச்சு. நல்ல ரோட்டுல காத்து டயர் லேசா உருளும், ரோட்டையும் அறுக்காது. அதே ஜோடி மாடு முன்னைவிட அதிகமா இழுத்துச்சு.

இங்கேதான் விஷயம் இருக்கு. சக்கரம் மாறினதும் என்ன ஆச்சு? பாரம் ஏறிச்சு. லேசா உருளுதேன்னு மூட்டைக்கு மேல மூட்டை. ஆனா நுகத்தடி அதே பழைய நுகத்தடி, மாட்டுக் கழுத்து அதே கழுத்து. மேட்டுல ஏறும்போது லேசா உருண்ட அதே டயர், இறக்கத்துல நிக்க மாட்டேங்குது. பிரேக்குன்னு தனியா எதுவும் இல்லாத வண்டியில அத்தனை பாரத்தையும் தடுத்து நிறுத்த வேண்டியது அந்த ரெண்டு ஜீவன்தான். பெங்களூர் ஐ.ஐ.எம்.மோட முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி 1970களில் இந்த மாட்டுவண்டிப் பிரச்சினையைக் கையில எடுத்தார். மேனேஜ்மென்ட் பேராசிரியருக்கு மாட்டுவண்டி எதுக்குன்னு கேட்டவங்க உண்டு. சக்கரத்தை மட்டும் இல்லை, நுகத்தடியில இருந்து எல்லாத்தையும் சேத்து மாத்தணும், மாட்டோட வேதனையையும் கணக்குல எடுத்துக்கணும்னு அவர் தொடர்ந்து சொல்லிட்டே இருந்தார்.

அதாவது, சக்கரத்தை மாத்தினா மிச்சமாகிற சிரமம் எங்கேயும் காணாமப் போறதில்லை. வண்டியில வேற எங்கேயோ போய் உக்காந்துக்கும்.

சரி, இனி மோட்டார் வண்டி. ரெண்டாம் உலகப்போர் சமயத்து வில்லிஸ் ஜீப்புக்கு 6.00-16 அளவு டயர், ஒல்லியா உயரமா இருக்கும். நம்ம ஊர்ல மஹிந்திரா கம்பெனி 1947ல ஜீப் பூட்ட ஆரம்பிச்சுது. போர் முடிஞ்சு அமெரிக்காவுல ராணுவ உபரி ஜீப்பை வாங்கின ஜனங்க சும்மா இருப்பாங்களா? கலிஃபோர்னியா பாலைவனத்துக்கு ஓட்டிட்டுப் போய் மணல்ல புதைஞ்சு நின்னாங்க. 1960களில் டிக் செபெக்னு ஒருத்தர் அகலமான டயர்களைத் தேடிப் பிடிச்சு வித்து, அதையே பெரிய வியாபாரமாக்கினார். 1967ல மெக்சிகோவோட பாஹா பாலைவனத்துல முதல் பெரிய ரேஸ் நடந்ததும் இந்த ஆசை தீ மாதிரி பரவிடுச்சு.

மணல்ல அகல டயர் ஏன் வேலை செய்யுதுன்னு எனக்குச் சின்ன வயசுலயே எங்கப்பா சொல்லிக் கொடுத்துட்டார். 1964ல ஆரம்பிச்ச பி.இ.எம்.எல். கம்பெனியோட தங்கவயல் தொழிற்சாலையில அவருக்கு வேலை, புல்டோசர் செய்யுற இடம். "டோசர் ரோட்டுல போறதில்லடா, தன் ரோட்டைத் தானே போட்டுக்கிட்டுப் போகுது"ம்பார். செயின் பெல்ட் அவ்வளவு நீளமா தரையில படியறதால அத்தனை டன் எடையும் பரவிடும், புதையாது. டயர்லயும் அதே கணக்குதான். ஒரு சக்கரத்து மேல 1000 பவுண்டு எடை, உள்ளே 35 பிஎஸ்ஐ காத்துன்னா, தோராயமா 29 சதுர இன்ச் டயர் தரையில படியும். காத்தை 18 ஆக்கினா 56 சதுர இன்ச். அதனால மணல்ல போறவங்க முதல்ல பண்றது காத்தை இறக்கிறது. டயர் பெரிசா இருந்தா அப்படி இறக்கினாலும் ரிம் தரையில இடிக்காது. பெரிய டயரோட நியாயமான பயன் இதுதான். ஆனா மாலுக்கும் ஸ்கூலுக்கும் போற ரோட்டுல மணல் எங்கே இருக்கு சொல்லுங்க?

பெரிய டயர்னு பேசிட்டு பாப் சாண்ட்லரைப் பத்திச் சொல்லாம விடக்கூடாது. செயின்ட் லூயிஸ் பக்கத்துல நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கான கடை வெச்சிருந்தவர். தன்னோட 1974 ஃபோர்டு எஃப்-250 பிக்கப்புக்கு டயரைப் பெரிசாக்கினார், அச்சு முறிஞ்சுது. பெரிய அச்சு போட்டார். அச்சு தாங்குதேன்னு இன்னும் பெரிய டயர் போட்டார். மறுபடி வேற ஏதோ உடைஞ்சுது. இப்படியே போய்ப் போய், கடைசியில ராணுவ லாரி அச்சு, 48 இன்ச் டயர்னு வளர்ந்து, 1981ல பழைய காருங்க மேலேயே ஏறி நசுக்கிக் காட்டினார், அப்புறம் டயர் 66 இன்ச்சாச்சு. 'பிக்ஃபுட்'ங்கிற அந்த வண்டிதான் உலகத்து மான்ஸ்டர் டிரக்குக்கெல்லாம் தாத்தா. ஜனங்க பாத்தது டயரை. அதுக்கு அடியில மனுஷன் ஒவ்வொண்ணா மாத்தின அச்சையும் ஸ்டீரிங்கையும் யாரும் பாக்கலை. அளவு மீறினா அச்சு முறியும்னு நாம பள்ளிக்கூடத்துலயே மயிலிறகு வண்டியை வெச்சுப் படிச்ச பாடம்தான்.

இப்போ என் பையன் கேட்ட விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க பிக்கப்பைப் பக்கவாட்டுல நின்னு பாத்தா பின்பக்கம் தூக்கலா, முன்பக்கம் ரெண்டு இன்ச் தாழ்வா இருக்கும். அது டிசைன் பண்ணவர் தப்பு இல்லை. பின்னாடி பாரம் ஏத்தினா பின்பக்கம் இறங்கி வண்டி சமமா நிக்கணும்னு பண்ணது. லெவலிங் கிட்டுங்கிறது முன் ஸ்பிரிங்குக்கு மேல ஒரு துண்டு உலோகத்தை வெச்சு, காலியா இருக்கும்போதே சமமாக்கிறது. அப்புறம் நிஜமாவே பாரம் ஏத்தினா மூக்கு மேல தூக்கிக்கும், ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தும். இந்த லெவலிங்குக்குப் பெரிய காரணமே பெரிய டயருக்கு இடம் பண்றதுதான்.

எங்க வண்டியில இருக்கிறது 275/65 ஆர்18, அதாவது சுமார் 32 இன்ச் உயரம். அதை 35 ஆக்கினா வித்தியாசம் 9 சதவீதம். அச்சு தரையில இருந்து ஒண்ணரை இன்ச் உயரும். நல்லது. ஆனா ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 65க்கு மேல. 3.55 கியர் விகிதம் 3.25 மாதிரி நடந்துக்கும், வண்டி சோம்பேறியாகும். எல்லாத்தையும்விட முக்கியம் பிரேக். டயர்ங்கிறது ஒரு நெம்புகோல். பிரேக் பிடிக்கிற டிஸ்க் அதே அளவு, நெம்புகோல் மட்டும் நீளம். அதே மிதிக்கு தரையில கிடைக்கிற பிடி 9 சதவீதம் குறையும். போதாக்குறைக்கு டயரும் வீலும் கனம். வெளியே தள்ளி நிக்கிற மாதிரி வீல் மாட்டினா பேரிங்குக்கும் தலைவலி.

இந்தப் பிரேக் விஷயத்துலதான் பெரியப்பா வர்றார்.

பெரியப்பா சுரங்கத்துல வைண்டிங் என்ஜின் டிரைவர். தங்கவயல் பக்கம் போனவங்க ஷாப்ட்டுக்கு மேல இரும்புக் கோபுரத்துல நிக்கிற பெரிய சக்கரத்தைப் பாத்திருப்பீங்க. அதுக்கு மேலதான் கூண்டை இறக்கி ஏத்துற கம்பி வடம் ஓடும். அந்தச் சக்கரம் பெரிசா இருக்கிறதுக்கும் காரணம் உண்டு. சின்னச் சக்கரத்துல வளைஞ்சு வளைஞ்சு ஓடினா வடத்தோட இழை சீக்கிரம் அறுந்துடும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். கட்டங்கட்டமா இறங்கணும். மேல உக்காந்திருக்கிற டிரைவருக்குக் கூண்டு கண்ணுல தெரியாது. மணி அடிக்கிற கணக்கும், எதிர்ல இருக்கிற ஆழம் காட்டுற முள்ளும்தான் கண்ணு. கூண்டுக்குள்ள இருக்கிறது பக்கத்து வீட்டுக்காரன், மச்சான், தம்பி. அந்த மெஷின்ல பிரேக்குங்கிறது எடையால தானா விழுந்து பிடிச்சுக்கிற மாதிரி இருக்கும். ஓட்டணும்னாதான் சக்தி குடுத்துத் தூக்கணும். சக்தி போச்சுன்னா நின்னுடும். "ஓடுறது எல்லா மெஷினும் ஓடும்டா. நிக்குமான்னுதான் பாக்கணும்." இதை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்னு கணக்கே இல்லை.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினாங்க. 120 வருஷத்து வேலை அன்னியோட முடிஞ்சுது. ஊர்ல பாதிப் பேர் விடியக்காலை ரயில் பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. பெரியப்பா கைக்கு வந்த பணத்துல ஒரு பழைய பிக்கப் வாங்கினார். கோலார் தக்காளிக்குப் பேர் போன ஊராச்சே, கிரேடு கிரேடா பெங்களூருக்கு ஏத்திட்டுப் போறது. பெரியண்ணன் கூடமாட இருந்தான்.

ஒரு நடைக்கு இன்னும் பத்து கிரேடு ஏத்தினா டீசல் காசு கட்டிடும்னு அண்ணன் கணக்குப் போட்டான். ஒரு பட்டறையில பின்னாடி ரெண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலா வெச்சு, ஒரு சைஸ் பெரிய செகண்ட் ஹேண்ட் டயரும் வீலும் மாட்டிக் கொடுத்தாங்க. வண்டி எடுப்பா நின்னுச்சாம். பெரியப்பா சுத்தி வந்து பாத்துட்டு, "பிரேக்கு?"ன்னு கேட்டிருக்கார். "அது கம்பெனி பிரேக்குப்பா, நல்லாத்தான் இருக்கு"ன்னு பதில். அவரும் அதுக்கு மேல கேக்கலை. கடன் தவணை இருந்துச்சு, அதான்.

மூணாவது மாசம், மழை நாள், முழு பாரம். ஒரு இறக்கத்துல முன்னாடி போன டயர் வண்டிக்காரர் மாட்டை ஓரம் கட்டுறதுக்குள்ள, பெரியப்பா மிதிச்ச பிரேக் பத்தலை. வண்டி நிக்காமப் போய் மாட்டுவண்டியோட பின் மூலையில இடிச்சு, பக்கத்துச் சுவர்ல மோதி நின்னுச்சு. வண்டிக்காரருக்குக் கை முறிவு. ஒரு மாட்டுக்குப் பின்னங்கால் போச்சு. பெரியப்பாவுக்கு நெத்தியில நாலு தையல். மாட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு கொடுக்க பிக்கப்பையே வித்தாங்க. முப்பது வருஷம் ஆளுங்களைப் பாதாளத்துல இருந்து ஏத்தி இறக்கினவர், ஒரு கீறல் விழ விடாதவர், அதுக்கப்புறம் ஸ்டீரிங்கைத் தொடவே இல்லை. அண்ணனைத் திட்டவும் இல்லை. "நான் கேட்டேன், ஆனா பதில் வர்ற வரைக்கும் கேக்கலை"ன்னு மட்டும் சொன்னார்.

இந்தியாவுல சட்டம் இப்போ கண்டிப்பாயிடுச்சு. தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில, கேரளத்து வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு. ஜீப் பிரியர்களுக்கு வருத்தம்தான். எனக்கும் கொஞ்சம் உண்டு. பாஹா பாலைவனத்துல புதைஞ்சவனும், கட்டை வண்டியில ரோட்டோட மல்லுக்கட்டின விவசாயியும் இப்படி நோண்டிப் பாத்ததாலதான் சக்கரம் இந்த அளவுக்கு வந்திருக்கு. நோண்டறது தப்பில்லை. நோண்டினதுக்கு விலையை மாட்டுத் தலையிலயோ எதிர்ல வர்றவன் தலையிலயோ கட்டாம இருக்கணும், அவ்வளவுதான்.

பையன்கிட்ட இந்தக் கதை முழுசையும் சொன்னேன். போனை நோண்டாமக் கேட்டான், அதுவே அதிசயம். கடைசியில ஒப்பந்தம் இது. டயர் 33 இன்ச்சோட சரி, அது எதிலயும் உரசாம உக்காரும். லெவலிங் கிட் போட்டா சக்கரக் கோணம் சரிபார்த்து, ஹெட்லைட்டை இறக்கி, ஸ்பீடோமீட்டரையும் திருத்தணும். முதல் செலவு டயருக்கு இல்லை, புது பிரேக் பேடுக்கும் ரோட்டருக்கும். அதுல பாதிக் காசு அவன் பகுதி நேர வேலைச் சம்பளத்துல இருந்து. முகம் தொங்கிடுச்சு, ஆனா ஒத்துக்கிட்டான்.

போன ஞாயித்துக்கிழமை பெரியப்பாவுக்கு வீடியோ கால் போட்டு வண்டியைக் காட்டினோம். எண்பதை நெருங்கிட்டார், காது சரியா கேக்கிறதில்லை. பையன் தனக்குத் தெரிஞ்ச அரைகுறைத் தமிழ்ல, "தாத்தா, டயர் எப்படி?"ன்னு கத்தினான். அவர் கண்ணாடியை ஏத்திக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "நிக்குமா?"ன்னார். பையன் ரெண்டு செகண்ட் யோசிச்சிட்டு, "இன்னும் டெஸ்ட் பண்ணலை தாத்தா"ன்னான். பெரியப்பா சிரிச்சார், பல்லு இல்லாத சிரிப்பு. அந்தப் பதில் எனக்கும் பிடிச்சிருந்தது.

வீல் நட்டை அம்பது மைல் ஓடினதும் திரும்ப இறுக்கணும். டார்க் ரெஞ்சை எங்கே வெச்சீங்கன்னு கராஜ்ல இருந்து கத்துறான். போய்ட்டு வர்றேன்.